கையோடு வந்த கேடு: கொழும்பின் நீர்நிலைகளை நெருக்கும் வேற்று இனங்கள்

கொழும்புக்காரர்களிடம் ஆகாயத்தாமரையைப் பற்றிக் கேட்டால் இரண்டாம் உலகப் போர்க் கதை ஒன்றைச் சொல்வார்கள். ஜப்பான் விமானங்கள் தண்ணீரைத் தரையென்று நினைத்து இறங்கி மூழ்கட்டும் என்று வெள்ளைக்காரர் குளங்களில் இந்தச் செடியைப் பரப்பினார்களாம். சிங்களத்தில் இதை ‘ஜப்பான் ஜபர’ என்பதால் கதையை நம்புவதும் சுலபம். ஆனால் ஆண்டுக்கணக்கு உதைக்கிறது. ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று. ஆகாயத்தாமரையை ஒழிப்பதற்கென்றே இலங்கையில் தனிச் சட்டம் வந்ததோ 1909இல். விமானங்கள் வருவதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குச் செடி பெருகியிருந்தது.

உண்மையில் நடந்தது அதைவிடச் சாதாரணமானது. அமேசன் படுகையில் பிறந்த செடி இது. ஊதாப் பூ அழகாக இருக்கிறதென்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். தொட்டியிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து வயலுக்கும் போக அதற்குச் சில வருடங்களே போதுமாயிருந்தன. கொழும்பையும் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களையும் இன்று நெருக்கிக்கொண்டிருக்கும் வேற்று இனங்களில் அநேகமானவற்றின் கதை இதுதான். எந்த எதிரியும் அவற்றை ஏவிவிடவில்லை. அழகுக்கு, ஒட்டுக் கட்டுவதற்கு, பாடம் நடத்துவதற்கு, நுளம்பை ஒழிப்பதற்கு, வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டிக்கு என்று மனிதர்களே கையோடு கொண்டுவந்தவை. வந்தபின் அவற்றுக்குச் சாப்பாடு போட்டு வளர்ப்பதும் நாம்தான். அந்தச் சாப்பாடு நம் வீட்டுக் கழிவுநீர்.

வெளியிலிருந்து வந்ததெல்லாம் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. மிளகாய், மரவள்ளி, பப்பாசி, கொய்யா, தேயிலை, இறப்பர் எல்லாமே வேறு மண்ணில் தோன்றியவை. மிளகாய் இல்லாத சம்பலை யார் நினைத்துப் பார்ப்பார்? இவை நாம் நட்ட இடத்தில் நிற்கின்றன. கைவிட்டால் பெரும்பாலும் அழிந்துபோகின்றன. சில இனங்கள்தான் நட்ட வேலியைத் தாண்டித் தாமாகப் பரவி, உள்ளூர் உயிரினங்களின் இடத்தையும் உணவையும் பிடுங்கிக்கொள்கின்றன. அவற்றைத்தான் ஆக்கிரமிப்பு இனங்கள் என்கிறோம். எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்து அல்ல, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே ஓர் இனத்தை எடைபோட வேண்டும். சொந்த ஊரில் அவற்றைத் தின்ன ஒரு வண்டோ, அழிக்க ஒரு பூஞ்சையோ, போட்டிக்கு இன்னொரு செடியோ இருந்தது. இங்கே அந்தக் கடிவாளம் ஒன்றும் கிடையாது.

கொழும்பில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? நகரம் சதுப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் உடன்படிக்கையின் மாநாடு 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்தது. அதில் உலகின் முதல் 18 ‘ஈரநில நகரங்கள்’ அறிவிக்கப்பட்டபோது கொழும்பும் அவற்றில் ஒன்றாக இருந்தது. ஒரு நாட்டின் வணிகத் தலைநகரமே இந்தப் பட்டியலில் வந்தது நமக்குப் பெருமைதான். தியவன்னா ஓயா, பெத்தகான, தலங்கம, கொலன்னாவைச் சதுப்பு, பெல்லன்வில–அத்திடிய சரணாலயம் என்று மேற்கு மாகாணத்தின் நடுவே ஒரு நீர்வலை இருக்கிறது. அடைமழை பெய்யும்போது தண்ணீர் முதலில் இந்தச் சதுப்புகளில் தேங்கும். அப்புறம் கால்வாய்கள் வழியே மெல்ல மெல்ல வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குப் போகும். ஒரு பகுதி களனி கங்கையில் சேரும். நிலம் தட்டையாக இருப்பதால் ஓட்டத்துக்கு வேகம் மிகக் குறைவு. வழியில் சிறு தடை வந்தாலும் தண்ணீர் பின்வாங்கி வீடுகளுக்குள் ஏறிவிடும். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றதையும், 2016 மே மாதத்தில் கொலன்னாவைப் பக்கம் குடும்பங்கள் படகில் வெளியேறியதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளங்களுக்குச் செடிகள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மழை, நிரப்பப்பட்ட காணிகள், பெருகிய களனி என்று பல காரணங்கள் இருந்தன. ஆனால் ஏற்கனவே மூச்சுத் திணறும் கால்வாயின் மேல் பச்சைப் பாய் விரித்தால் என்னவாகும் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகாயத்தாமரைச் செடி ஒன்றைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்த்தால் அதன் பலம் என்னவென்று புரியும். இலைக்காம்பு நடுவில் பருத்திருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே பஞ்சு போல் காற்றறைகள், அதனால்தான் மிதக்கிறது. அடியில் கருமையான, இறகு போன்ற வேர்க்கொத்து சேற்றைத் தொடாமல் தொங்கும். தண்ணீரில் கரைந்துள்ள நைதரசனையும் பொசுபரசையும் அந்த வேர் நேராக உறிஞ்சிக்கொள்ளும். பக்கவாட்டில் ஒரு தண்டு நீண்டு அதன் நுனியில் குட்டிச் செடி இருக்கும். அந்தக் குட்டிக்கும் ஏற்கனவே வேர் இருக்கும். முறித்துப் போட்டால் அது தனிச்செடி. வசதியான தண்ணீரில் ஒரு திட்டு இரண்டு கிழமைக்குள் இரட்டிப்பாகிவிடும். விதையும் உண்டு. அது சேற்றுக்குள் 15, 20 ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கக் கூடியது. ஆக, மேலே மிதப்பதை முழுவதும் அள்ளிவிட்டாலும் அடியில் அடுத்த தலைமுறை தயாராக இருக்கிறது.

இந்தப் பாய் மூடியபின் கீழே நடப்பது கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. வெயில் உள்ளே போகாததால் அடியில் வளரும் நாட்டு நீர்ச்செடிகள் சாகின்றன. மேலே உதிர்ந்த இலைகள் அழுகி, இருக்கிற ஒட்சிசனையும் தின்றுவிடுகின்றன. விராலும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். மற்றச் சிறு மீன்களுக்கு அந்த வசதி இல்லை. மேற்குக் கரையோரத் தாழ்நிலச் சதுப்புகளில் ஹொரதண்டியா என்று ஒரு மீன் இருக்கிறது. வளர்ந்த மீனே 3 சென்ரிமீற்றரைத் தாண்டாது. அதைப் பார்த்தவர்களே குறைவு; ‘காணாமல் போய்விட்டது’ என்று எழுதவும் ஆள் இருக்க மாட்டார். முங்கி மீன்பிடிக்கும் நீர்க்காகத்துக்கும் முக்குளிப்பானுக்கும் திறந்த தண்ணீர் வேண்டும். பாய் மூடிய குளத்தில் அவை பட்டினி. நீலத் தாழைக்கோழி போன்ற சில பறவைகள் மிதக்கும் செடிமேல் நடந்து இரை தேடுவதைப் பார்த்துவிட்டு ‘பறவைகளுக்கு நல்லதுதானே’ என்று சொல்பவர்கள் உண்டு. ஓரமாகச் சிறு திட்டு இருந்தால் சரி. குளம் முழுக்க மூடினால் அவையும் இடத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

நுளம்பு விஷயத்தை எல்லோரும் மேலோட்டமாகவே பேசுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாம் டெங்கு நுளம்பை நினைத்து வீட்டுச் சிரட்டையையும் தகரப் பேணியையும் கவிழ்த்து வைக்கிறோம். மான்சோனியா என்ற இன்னொரு நுளம்பு இருக்கிறது. அதன் குடம்பி மூச்சுவிட மேற்பரப்புக்கு வருவதில்லை. நீர்ச்செடியின் வேரைத் துளைத்து, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே ஒட்டியிருக்கும். அதனால் தண்ணீரின் மேல் எண்ணெய் விட்டாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. மிதக்கும் செடிகளான பிஸ்டியா, சல்வீனியா, ஆகாயத்தாமரை மூன்றுமே இதற்கு நல்ல வீடு. யானைக்கால் நோயைத் தரும் புழுக்களில் ஒன்றான புருகியா மலாயியைக் காவுவது இந்த நுளம்புதான். யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை மீண்டுவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. ஆனால் பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்த புருகியா வகை இந்த நூற்றாண்டில் மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. ஒரு நோயைத் துரத்திவிட்டு அதன் நுளம்புக்கு வீட்டைக் கட்டி வைத்திருக்கிறோம்.

சரி, அள்ளிப் போட்டால் முடிந்துவிடாதா? நீண்ட கை வைத்த இயந்திரங்கள் கால்வாய்க் கரையில் நின்று செடியை வாரிப் போடுவதைக் கொழும்பில் அடிக்கடி பார்க்கலாம். அது தேவையான வேலை. அந்தத் தொழிலாளர்கள் நாற்றத்திலும் வெயிலிலும் நின்று செய்யும் வேலைக்கு நகரம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஆகாயத்தாமரையின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். லொறி லொறியாக நாம் ஏற்றி இறக்குவது பெரும்பாலும் தண்ணீரைத்தான். இன்னொன்றும் இருக்கிறது. அள்ளிய குவியலைக் கரையிலேயே விட்டால் அது அழுகி, உறிஞ்சியிருந்த நைதரசனும் பொசுபரசும் அடுத்த மழையோடு அதே கால்வாய்க்குத் திரும்பிவிடும். எடுத்த செடி அந்த இடத்தைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டால்தான் அள்ளியதற்குப் பயன். பசளையாக்கலாம்தான். ஆனால் நகரக் கால்வாயில் வளர்ந்த செடி ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும். பரிசோதிக்காமல் கீரைப் பாத்திக்குப் போடக்கூடாது.

அடிப்படைக் காரணம் சாப்பாடுதான். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கப்பட்டது. நகரம் அதைத் தாண்டி எங்கேயோ வளர்ந்துவிட்டது. புறநகரின் சமையலறைத் தண்ணீரும் சலவைத் தண்ணீரும், சில இடங்களில் மலசலகூடக் கழிவும் நேரே கானில் விழுந்து கால்வாயைச் சேர்கின்றன. இந்தத் தண்ணீர் ஆகாயத்தாமரைக்கு விருந்து. அதை நிறுத்தாமல் செடியை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தால் அள்ளும் ஒப்பந்தத்துக்கு முடிவே இருக்காது.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. சல்வீனியாவின் கதை அது. தென்கிழக்குப் பிரேசிலைச் சேர்ந்த இந்த மிதக்கும் பன்னம் 1939இல் கொழும்புக்கு வந்தது. தாவரவியல் மாணவர்களுக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவரப்பட்ட செடி. இதற்கு விதையே கிடையாது, மலட்டுச் செடி. ஆனால் ஒரு சிறு துண்டு போதும், வளரும். சூடான, சத்து நிறைந்த தண்ணீரில் இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். போர்க்காலத்தின் குழப்பத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு பார்த்தால் மேற்கின் கால்வாய்களும் நெல்வயல்களும் அதனால் மூடிக்கிடந்தன. மருந்தடித்தார்கள், வலை கட்டினார்கள், ஆட்களைவிட்டு அள்ளினார்கள். ஒன்றும் நிரந்தரமாகப் பலிக்கவில்லை.

தீர்வு வந்தது வேறு ஒரு கண்டத்திலிருந்து. நீண்ட காலமாக விஞ்ஞானிகள் இந்தச் செடியை வேறொரு சல்வீனியா இனமென்று நினைத்து, அந்த இனத்தைத் தின்னும் பூச்சிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1972இல்தான் இது தனி இனம் என்று பெயரிடப்பட்டது. அதன் பிறந்த வீடு எது என்று 1970களின் இறுதியில் தெரிந்தபின், அங்கே அதைத் தின்று வாழும் இரண்டு மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு கறுப்பு வண்டைக் கண்டுபிடித்தார்கள். 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் அதை விட்டார்கள். ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் ஏரியை மூடியிருந்த ஆயிரக்கணக்கான தொன் செடி அழிந்தது. அதே வண்டு அவுஸ்திரேலிய உதவியோடு 1986இல் இலங்கைக்கு வந்தது. வளர்ந்த வண்டு குருத்தைத் தின்னும். குடம்பி தண்டுக்குள் துளைத்துக்கொண்டு போகும். செடி பழுப்பாகி அமிழ்ந்துவிடும். சல்வீனியாவைத் தவிர வேறெதையும் அது தொடாது. அந்தத் திட்டத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 53 ரூபாய் பயன் கிடைத்ததாகப் பொருளியல் கணக்கெடுப்பு ஒன்று சொன்னது. சல்வீனியா முற்றாக ஒழிந்துவிடவில்லை. இன்னும் அங்கங்கே மிதக்கிறது. ஆனால் வயலைக் கைவிட்டு ஓடவைக்கும் பூதமாக அது இப்போது இல்லை. உலகில் பதிவான உயிரியல் கட்டுப்பாட்டு வெற்றிகளில் இலங்கையின் பெயரும் இருக்கிறது. பாடப்புத்தகங்களில் இது இன்னும் பெரிதாகச் சொல்லப்பட வேண்டும்.

ஆகாயத்தாமரைக்கும் இப்படி வண்டுகள் உண்டு. இங்கேயும் விட்டுப் பார்த்தார்கள். பலன் சல்வீனியா அளவுக்கு இல்லை. தண்ணீரில் சத்து இவ்வளவு இருக்கும்போது, வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி தழைத்துவிடுகிறது. மறுபடியும் கானுக்கே வந்து நிற்கிறோம்.

மிதக்கும் செடிகளாவது கண்ணுக்குத் தெரியும். பெல்லன்வில–அத்திடியவில் நடந்த மாற்றம் ஒரு தலைமுறைக்குள் ஓசையில்லாமல் நடந்தது. 1990இல் சரணாலயமாக்கப்பட்ட 372 ஹெக்டேயர் சதுப்பு அது. புல்லும் கோரையும் திறந்த தண்ணீருமாக இருந்த பல இடங்களில் இன்று அடர்ந்த மரக்கூட்டம். சிங்களத்தில் ‘வெல் ஆத்தா’ எனப்படும் அந்த மரம் அன்னமுன்னாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்க வெப்பவலயத்துச் சதுப்புகள்தான் அதன் ஊர். ஈரத்தைத் தாங்கும் வேர் என்பதால் அன்னமுன்னா வகைகளை ஒட்டுக் கட்ட அடிக்கட்டையாகக் கொண்டுவந்தார்கள். பழம் வழவழப்பாக, பழுத்தால் மஞ்சளாக, தூரத்தில் மாங்காய் போலத் தெரியும். ஒரு பழத்துக்குள் நூறுக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கலாம். பழமும் விதையும் மிதக்கும். உப்புத் தண்ணீரையும் தாங்கும். கால்வாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் கொழும்பில் இதைவிட நல்ல வாகனம் வேறென்ன வேண்டும்? வெள்ளம் வரும்போதெல்லாம் விதை புதிய இடத்துக்குப் போகிறது. கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு வரை இது பரவியிருக்கிறது.

இந்த மரத்தை என்ன செய்வது என்பது லேசான கேள்வி இல்லை. கொக்குகளும் நாரைகளும் இதில் கூடு கட்டுகின்றன. நகரத்தின் நடுவே வாழும் மீன்பிடிப் பூனைக்கு அடர்ந்த மறைவிடம் தேவை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வெட்டினால் பாதுகாக்க வேண்டியவற்றையே துரத்திவிடுவோம். என் அபிப்பிராயம்: திறந்த நீர்ப்பரப்பின் ஓரங்களில் இருந்து தொடங்கி, பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் நாட்டுச் சதுப்பு மரங்களை நட்டு, இளங்கன்றுகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பிடுங்க வேண்டும். படம் எடுத்துப் போடும் ஒருநாள் சிரமதானத்தால் இது நடக்காது. வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும் மரம் இது.

அடுத்தது நம் சாப்பாட்டுத் தட்டுக்கே வந்த ஒன்று. பொன்னாங்காணி. கொழும்பில் சிங்களவர் ‘முக்குனுவென்ன’ என்று வாங்குவதும் நாம் பொன்னாங்காணி என்று வறுப்பதும் ஒரே கீரை. அதற்குத் தென்னமெரிக்காவில் ஒரு உறவு இருக்கிறது, ‘அலிகேட்டர் வீட்’ என்று பெயர். நீரிலும் நிலத்திலும் வளரும், உலகின் மோசமான நீர்க்களைகளில் ஒன்று. 1990களின் நடுவில் அவுஸ்திரேலிய அதிகாரிகள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். மெல்பேர்னிலும் மற்ற நகரங்களிலும் இலங்கையர் வீட்டுத் தோட்டங்களில் இந்த ஆபத்தான களையைப் பாத்தி கட்டி வளர்த்துக்கொண்டிருந்தார்கள், முக்குனுவென்ன என்று நம்பி. ஊர்க் கீரைக்கு ஏங்கிய மனிதர்கள். ஒருவருக்கொருவர் தண்டு கொடுத்துப் பரப்பியிருக்கிறார்கள். அங்கே அதிகாரிகள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அபராதத்தைக் காட்டிப் பயமுறுத்திவிட்டுப் போகாமல், அதே இனக்குடும்பத்து உள்ளூர்ச் செடியொன்றை மாற்றாகக் கொடுத்தார்கள். கொஞ்சம் கழித்து, 1990களின் இறுதியில், இலங்கையிலேயே அந்தக் களை அடையாளம் காணப்பட்டது.

சந்தையில் வாங்கும் கட்டில் வித்தியாசம் பார்ப்பது சிரமமில்லை, பூ இருந்தால். பொன்னாங்காணியின் வெள்ளைப் பூ இலையும் தண்டும் சேரும் கவட்டிலேயே காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அலிகேட்டர் வீட்டின் பூவுக்கு விரல்நீளம் வரை காம்பு இருக்கும். பூ அதன் உச்சியில் சிறு பந்தாக நிற்கும். தண்டை நறுக்கினால் உள்ளே குழாய் போல வெறுமையாக இருக்கும். அது இங்கே விதையால் பரவுவதில்லை. ஒரு கணு போதும். சமையலறையில் ஆய்ந்து மிஞ்சிய தண்டைக் கானில் போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

மீன் தொட்டிகளுக்கு வருவோம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி வீட்டில் இடம் குறைவு. நாய் வளர்க்க முடியாது. பிள்ளை கேட்கிறதென்று ஒரு கண்ணாடித் தொட்டி வாங்குவார்கள். தொட்டிப் பாசியைத் தின்ன ‘டேங்க் கிளீனர்’ என்ற மீன் ஒன்றையும் விடுவார்கள், விரலளவில். அது இரண்டொரு வருடத்தில் முழங்கை நீளத்துக்கு வளர்கிறது. அப்போது நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “பாவம், கொல்ல மனம் வரேல்ல. அதான் தண்ணியில விட்டனாங்கள்” என்பார்கள். இரக்கத்தில் செய்வதுதான். அந்த இரக்கம் அந்த ஒரு மீனோடு நின்றுவிடுகிறது. உடம்பெல்லாம் எலும்புக் கவசமும் கூரான முள்ளும் கொண்ட இந்தத் தென்னமெரிக்க மீனை நம் ஆற்றில் தின்ன அநேகமாக யாருமில்லை. ஒட்சிசன் இல்லாத தண்ணீரில் காற்றை விழுங்கி வாழும். கொழும்பின் சாக்கடைத் தண்ணீரே அதற்குப் போதும். இனப்பெருக்கத்துக்காக ஆண் மீன் மண்கரையில் ஆழமாக வளை தோண்டும், கரை சரியும். மற்ற மீன்களின் முட்டை ஒட்டியிருக்கும் பாசியையும் சேர்த்தே சுரண்டித் தின்னும். மகாவலி நீர்த்தேக்கங்களில் மீனவர்களின் வலையில் இது மாட்டினால் வலை கிழிந்ததுதான் மிச்சம். மெக்சிக்கோவின் இன்பியர்னியோ நீர்த்தேக்கத்தில் ஒரு பெரிய திலாப்பியா மீன்பிடித் தொழிலே இதனால் சீரழிந்தது.

‘கத்தி மீன்’ இதைவிட நேரடியாகத் தீங்கு செய்கிறது. மீக்கொங், சாவோ பிராயா ஆறுகளைச் சேர்ந்த, உடம்பின் பின்பக்கம் வரிசையாகக் கறுப்பு வட்டங்கள் கொண்ட அழகான மீன். அலங்கார மீன் தொழிலிலிருந்து தப்பி 1990களிலேயே பெல்லன்வில–அத்திடிய, வெரஸ் கங்கை, பொல்கொட பக்கம் பெருகத் தொடங்கிவிட்டது. ஒரு மீற்றர் வரை வளரும். இரவில் வேட்டையாடும். சிறு மீனும் இறாலும்தான் சாப்பாடு. முட்டையைப் பெற்றோரே காவல் காக்கும் என்பதால் குஞ்சுகளும் நிறையப் பிழைத்துவிடுகின்றன. பிலிப்பைன்ஸின் லகுனா டி பே ஏரி மீனவர்கள் இதே மீனோடு பல வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நமது நன்னீர் மீன்களில் அரைவாசிக்கு மேல் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. இங்கே ஒரு இனம் போனால் உலகத்திலிருந்தே போனதுதான்.

சிவப்புக் காது ஆமையும் இதே வழியில் வந்தது. காசளவுக் குஞ்சாக வாங்குவது, சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளரும், 20, 30 வருடம் வாழும். வாங்குபவரிடம் இதை யாரும் சொல்வதில்லை. கொழும்பின் ஈரநிலங்களில் அது பதிவாகியிருக்கிறது. வெயில் காயும் கட்டைக்கும் இரைக்கும் நம் நாட்டுக் கறுப்பு ஆமையோடு போட்டி போடக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே அதன் இறக்குமதியைத் தடுத்துவிட்டது.

கப்பி என்ற சிறு மீனைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். டெங்குக்காகக் கிணற்றிலும் தொட்டியிலும் கப்பி விடுவதில் பிழையில்லை. மூடிய இடம் அது. ஓடையிலும் சதுப்பிலும் விடுவதுதான் தவறு. நுளம்புக் குடம்பியோடு நிறுத்தாமல் மீன்முட்டையையும் சிறு குஞ்சுகளையும் அது தின்னும். அதே வேலையைச் செய்ய, தலையில் வெள்ளிப் புள்ளி மின்னும் நாட்டுச் சிறு மீன்கள் நம் வாய்க்கால்களிலேயே இருக்கின்றன. திலாப்பியா இன்னும் சிக்கலானது. 1952இல் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வன்னியிலிருந்து பொலனறுவை வரை குளத்து மீன்பிடியை நிமிர்த்தியதும் திலாப்பியாதான். ஏழை வீட்டுக்கு மலிவான புரதம் அதனால் கிடைத்தது. மனிதர் கட்டிய குளத்தில் அது இருக்கட்டும். உள்ளூர் மீன்கள் மட்டும் வாழும் காட்டு ஓடைக்கு யாரும் கொண்டுபோகக் கூடாது.

மழைக்காலத்தில் கொழும்பு மதில்களில் ஏறும் பெரிய ஆபிரிக்க நத்தையும் 1900ஆம் ஆண்டளவில் மனிதர் கையால் வந்ததே. அதைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்; மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவை அது காவக்கூடும். அதைக் கொல்லும் ஆத்திரத்தில் எல்லா நத்தையையும் நசுக்க வேண்டாம். இலங்கையின் நில நத்தைகள் ஏறத்தாழ 250 இனங்கள், ஐந்தில் நான்கு பங்கு இங்கே மட்டுமே வாழ்பவை. நாட்டின் மற்றப் பக்கங்களிலும் இதே கதைதான். வடக்கில் பாத்தீனியம், புந்தலவில் சீமைக்கருவேலம், மகாவலிக் கரையில் இராட்சதத் தொட்டாற்சுருங்கி. அவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குரியவை.

2023 செப்டெம்பரில் ஐ.நா. ஆதரவிலான பல்லுயிர் அறிவியல் குழு வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட வேற்று இனங்கள் புதிய இடங்களில் வேரூன்றியிருப்பதாகவும், அவற்றில் 3,500க்கு மேற்பட்டவை தீங்கு செய்வதாகவும் கணக்கிட்டது. 2019இல் மட்டும் உலகுக்கு ஏற்பட்ட இழப்பு 423 பில்லியன் அமெரிக்க டொலருக்கு மேல். பதிவான உயிரின அழிவுகளில் 60 சதவீதத்துக்கு இவையும் ஒரு காரணம். அந்த அறிக்கை அழுத்திச் சொன்ன விஷயம் ஒன்று: வந்தபின் துரத்துவதைவிட வராமல் தடுப்பது மலிவு, அதுவும் தண்ணீருக்குள் போய்விட்டால் பிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். இலங்கையிலும் 2016இல் ஒரு தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. ஆனால் செடி விவசாயத் திணைக்களத்திடம், மீன் கடற்றொழில் பக்கம், விலங்கு வனசீவராசிகள் திணைக்களத்திடம், கால்வாய் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம், கான் மாநகர சபையிடம் என்று பொறுப்பு பிரிந்து கிடக்கிறது. கத்தி மீனுக்கு எந்த அலுவலக எல்லையும் தெரியாது.

எனக்குத் தோன்றுவது, தடுக்க வேண்டிய இடம் மீன் கடை வாசலும் நாற்றுமேடையும் கானும்தான். கடைக்காரர் டேங்க் கிளீனரை விற்கும்போது அது எவ்வளவு பெரிதாகும் என்று எழுதி ஒட்டட்டும். வளர்ந்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் ஒத்துக்கொள்ளட்டும். இப்படிக் கேட்டால் சம்மதிக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், கேட்கும் வாடிக்கையாளர்கள்தான் குறைவு. தொட்டியைக் கலைப்பவர்கள் மீனை இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுக்கலாம். தொட்டித் தண்ணீரையும் அதிலுள்ள செடித் துண்டுகளையும் கானில் ஊற்றாமல் பூச்சாடி மண்ணில் ஊற்றலாம். வீட்டுக் குளத்துக்கு ஆகாயத்தாமரை கேட்டால் நாற்றுமேடைக்காரர் நாட்டு அல்லியைக் காட்டட்டும். நீங்கள் கால்வாய்ப் பக்கம் நடக்கும்போது அறிமுகமில்லாத ஆமையோ மீனோ செடியோ கண்ணில் பட்டால் தெளிவாகப் படம் எடுத்து, இடத்தையும் திகதியையும் குறித்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ அனுப்புங்கள். பத்து மீன் இருக்கும்போது தெரியவந்தால் வலைபோட்டுப் பிடித்துவிடலாம்.